லோடுமேன் செய்யிற வேலை பூஜ்யமா? ஒரு பிசிக்ஸ் மாணவனுக்கு பதில்

"வணக்கம் மேடம்"னு ஆரம்பிச்சு நாலு பக்கம் எழுதியிருக்கார் ஒரு தம்பி. பி.எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், காலேஜ்ல எல்லாமே இங்கிலீஷ். கேள்விகளை மட்டும் சுருக்கி சொல்லிடறேன். ஒண்ணு, அவங்க அப்பா மார்க்கெட்ல லோடுமேன். 50 கிலோ மூட்டையை முதுகுல போட்டுக்கிட்டு சமதரையில நடந்தா செஞ்ச வேலை பூஜ்யம்னு புக்ல இருக்கு, அதை வீட்ல சொன்னதுக்கு அப்பா "அப்போ கூலியும் பூஜ்யமாடா"ன்னு கேட்டாராம். ரெண்டு, மையவிலக்கு விசைன்னு ஒண்ணு நிஜமா இருக்கா இல்லையா. மூணு, டிஒய் பை டிஎக்ஸை (dy/dx) பின்னம் மாதிரி மேத்ஸ் சார் வெட்டக்கூடாதுங்கிறார், பிசிக்ஸ் சார் தினமும் வெட்டுறார், யாரை நம்பறது. நாலு, கற்பனை எண்ணை வெச்சு நிஜ உலகத்தை எப்படி கணக்கு போடறாங்க. அஞ்சு, டார்க்குக்கும் (torque, அதாவது திருப்பு விசை) எனர்ஜிக்கும் ஒரே யூனிட், அப்போ ரெண்டும் ஒண்ணா. கடைசில "இதெல்லாம் கிளாஸ்ல கேட்டா சிரிக்கிறாங்க, எனக்கு பிசிக்ஸ் வராதோன்னு தோணுது"ன்னு ஒரு வரி.

தம்பி, முதல்ல உங்க அப்பாவுக்கு ஒரு கும்பிடு. மூணு மார்க் கேள்வியா வரவேண்டியதை ஒரே வரியில கேட்டுட்டார். 28 வருஷமா பாடம் எடுத்திருக்கேன், இந்த இடத்துல கிளாஸ்ல யாரும் கூலியை பத்தி கேட்டதில்ல.

வேலைங்கிற வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா பாதி குழப்பம் போயிடும். 1829-ல பிரான்ஸ்ல கொரியோலிஸ்னு ஒருத்தர், மெஷின்களை பத்தி கணக்கு போடறவர், விசையை தூரத்தால பெருக்கி வர்றதுக்கு வேலைன்னு பேர் வெச்சார். அந்த காலத்து கவலை எல்லாம் தண்ணி இறைக்கிற மெஷினும் நீராவி இன்ஜினும்தான், இவ்வளவு கரி போட்டா எத்தனை கிலோவை எத்தனை அடி மேல தூக்கும்ங்கிறதுதான் கேள்வி. அதாவது அது சரக்கோட பக்கத்து கணக்கு, சரக்குக்கு எவ்வளவு எனர்ஜி போய் சேர்ந்துச்சுன்னு பார்க்கிற கணக்கு. ஆளு எவ்வளவு அலுத்துப்போனான்னு அதுல வராது, வரணும்னு அவர் நினைக்கவும் இல்ல.

இப்ப மூட்டைக்கு வா. கீழே கிடந்த 50 கிலோ மூட்டையை ஒன்றரை மீட்டர் உசரத்துக்கு தூக்கினா 50 பெருக்கல் 9.8 பெருக்கல் 1.5, அதாவது 735 ஜூல். அது மூட்டைக்கு நிஜமா போய் சேர்ந்துச்சு. அப்புறம் சமதரையில நூறு மீட்டர் நடந்தா அப்பா கொடுக்கிற விசை மேல் நோக்கி, மூட்டை போறது முன்னாடி, ரெண்டும் 90 டிகிரி, அதனால அந்த விசை செஞ்ச வேலை பூஜ்யம். மூட்டையை கேட்டா "நான் முன்ன இருந்த உசரத்துலயேதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் வரல"ன்னு சொல்லும். ஆனா அப்பாவோட முதுகு தசைக்குள்ள வேற கதை ஓடுது. தசை ஒரு மேஜை மாதிரி சும்மா தாங்கிக்கிட்டு இருக்காது, அதுக்குள்ள இருக்கிற மயோசின்கிற புரோட்டீன் பக்கத்து இழையை பிடிச்சு இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் ஏடிபி (செல்லுக்கு எனர்ஜி தர்ற மூலக்கூறு) செலவாகும், அது கடைசில சூடா போகும். வேர்க்கறது அதனாலதான். போதாததுக்கு நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பும் மூட்டையும் கொஞ்சம் ஏறி இறங்குது, ஏத்தறதுக்கு தசை எனர்ஜி செலவழிக்குது, இறங்கும்போது அதை முழுசா திருப்பி எடுத்துக்க தசைக்கு தெரியாது. புக்கு சொல்ற பூஜ்யம், ஏறினதையும் இறங்கினதையும் கூட்டி கழிச்ச பூஜ்யம்.

ஒரு கணக்கு சொல்றேன், அப்பாகிட்ட சொல்லு. டீயில போடற ஒரு ஸ்பூன் சர்க்கரை, 4 கிராம்னு வை, அதுல சுமாரா 16 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய 67,000 ஜூல். 735 ஆல வகுத்தா 91 மூட்டை தூக்கற அளவு வருது! ஆனா தசை தனக்கு வர்றதுல நாலுல ஒரு பங்கோ அஞ்சுல ஒரு பங்கோதான் வேலையா மாத்தும், மீதி சூடு, அதனால 20 மூட்டைன்னு வெச்சுக்கலாம். அதுலயும் அவர் தன் உடம்பை குனிஞ்சு நிமித்தறதுக்கு தனி செலவு. கூலி இந்த செலவுக்கு. புக்ல இருக்கிற பூஜ்யம் மூட்டையோட வரவுக்கு. உங்க புக்ல "மூட்டையின் மீது"ன்னு ஒரு சொல்லை விட்டுட்டாங்க, அதுல வந்த வினைதான் இவ்வளவும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன்னா, உன்னோட மத்த கேள்விகள்லயும் இதே வியாதிதான் இருக்கு. பிசிக்ஸ்ல அனேகமா எல்லா வாக்கியத்துக்கும் ஒரு வால் உண்டு, எதைப் பொறுத்து, எதன் மேல, எங்க நின்னு பார்த்து, எதை மாத்தாம வெச்சுக்கிட்டுன்னு. நோட்ஸ் எழுதறவங்க சுருக்கறோம்னு அந்த வாலை வெட்டிடறாங்க, நாமளும் மனப்பாடம் பண்ணிடறோம்.

மையவிலக்கு விசை. கொல்லிமலைக்கு பஸ்ல போயிருக்கியா, 70 கொண்டை ஊசி வளைவு. பஸ் மணிக்கு 18 கிலோமீட்டர்ல, அதாவது செகண்டுக்கு 5 மீட்டர்ல, 10 மீட்டர் ஆரத்துல திரும்புதுன்னு வை. முடுக்கம் 25 பை 10, அதாவது 2.5. நீ 60 கிலோன்னா 150 நியூட்டன், கிட்டத்தட்ட 15 கிலோ மூட்டையை பக்கவாட்டுல உன்மேல சாய்ச்ச மாதிரி. ரோட்டோரம் டீக்கடையில நிக்கிறவர் என்ன பார்க்கிறார்? நீ நேரா போகத்தான் பார்க்கிறே, பஸ்தான் உள்பக்கமா திரும்புது, சீட்டோட உராய்வும் கம்பியும் 150 நியூட்டன்ல உன்னை உள்ள இழுக்குது. அவருக்கு வெளிய தள்ற விசைன்னு ஒண்ணு தேவையே இல்ல. பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கிற உனக்கு பஸ்தான் உலகம், அது அசையல, ஆனா கம்பி உன்னை 150 நியூட்டன்ல இழுத்தும் நீ சீட்லயே இருக்கே, அப்போ எதிர்பக்கமா இன்னொரு 150 இருந்தே ஆகணும், அதுதான் மையவிலக்கு. ரெண்டு பேர் கணக்கும் சரி. ஒரே கணக்குல ரெண்டு பேரையும் கலக்கறதுதான் தப்பு, பரீட்சை பேப்பர்ல முக்கால்வாசி பேர் படத்துல மையநோக்கு விசை, மையவிலக்கு விசை ரெண்டையும் அம்பு போட்டு சமமா காட்டி, அப்புறம் பொருள் வட்டமா சுத்துதுன்னு எழுதுவாங்க, விசை சமமாயிட்டா அது நேராதானேப்பா போகணும்? இன்னொண்ணு, மையநோக்கு விசைங்கிறது தனியா ஒரு விசை கிடையாது, அது ஒரு பதவி. உராய்வோ, கயிறோட இழுவையோ, புவிஈர்ப்போ அந்த பதவியில உக்காரும்.

மையவிலக்கு மாதிரி விசைக்கு போலி விசைன்னு தமிழ்ல பேர் வெச்சதுல எனக்கு வருத்தம் உண்டு. போலி டாக்டர், போலி பத்திரம் மாதிரி ஏதோ ஏமாத்து வேலைன்னு பசங்க நினைச்சுக்கறாங்க. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான், நிஜ விசைக்கு நியூட்டன் மூணாம் விதிப்படி ஒரு ஜோடி இருக்கும், கம்பி உன்னை இழுத்தா நீ கம்பியை இழுப்பே, இந்த மையவிலக்குக்கு ஜோடி கிடையாது. மத்தபடி அது ரொம்ப வேலை செய்யும். மேல சொன்ன அதே கொரியோலிஸ்தான் 1835-ல சுத்தற இடத்துல உக்காந்து பார்த்தா இன்னொரு விசையும் வரும்னு காட்டினார், அது இல்லாம வானிலை கணக்கு நகராது. நம்ம வங்காள விரிகுடாவுல வர்ற புயல் எல்லாம் இடஞ்சுழியாவே சுத்தறதுக்கு காரணம் அதுதான். பூமியில நின்னுக்கிட்டு காத்தை அளக்கறவங்களுக்கு அது போலின்னு சொல்லிட்டு போக முடியாது.

இதோட ஒட்டி நீ ஓரத்துல கேட்டிருந்தது, விண்வெளி நிலையத்துல ஈர்ப்பு இல்லையாங்கிறது. இருக்கு. 400 கிலோமீட்டர் உசரத்துல ஈர்ப்பு முடுக்கம் 8.7 இருக்கும், தரையில 9.8, பதினோரு சதவீதம்தான் குறைவு. நிலையமும் உள்ள இருக்கிறவங்களும் ஒண்ணா விழுந்துக்கிட்டே இருக்காங்க, செகண்டுக்கு 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டு வேகம் இருக்கறதால பூமி வளைஞ்சு விலகிடுது, தரை வந்து சேரல, அவ்வளவுதான்.

இப்ப மேத்ஸ் சார், பிசிக்ஸ் சார் சண்டை. இது உங்க காலேஜ் சண்டை இல்லப்பா, 300 வருஷ சண்டை. கால்குலஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான லைப்னிட்ஸ் 1684-ல இந்த டி போடற முறையை வெளியிட்டப்போ அவருக்கு அது நிஜமாவே ரெண்டு பொடி அளவுகளோட வகுத்தல்தான். 1734-ல பெர்க்லிங்கிற பாதிரியார் நல்லா கேட்டார், கணக்கோட ஆரம்பத்துல அந்த பொடி அளவு பூஜ்யம் இல்லைன்னு சொல்லி வகுக்கறீங்க, முடிவுல பூஜ்யம்னு சொல்லி தூக்கி போடறீங்க, இது என்ன செத்துப்போன எண்களோட ஆவியான்னு. பதில் சொல்ல கணக்கு உலகத்துக்கு ரொம்ப நாள் ஆச்சு, 1820கள்ல கோஷி, அப்புறம் வைர்ஸ்ட்ராஸ் வந்து லிமிட்டை வெச்சு ஒழுங்குபடுத்தினாங்க, அதுல டிஒய் பை டிஎக்ஸ் ஒரே குறி, மேலயும் கீழயும் பிரிச்சு பார்க்கறதுக்கு இல்ல. உங்க மேத்ஸ் சார் இந்த கட்சி. 1960கள்ல ராபின்சன்னு ஒருத்தர் அந்த பொடி அளவுகளையே சுத்தமான தர்க்கத்தோட திரும்ப கொண்டு வந்துட்டார்ங்கிறது தனி கதை, லைப்னிட்ஸ் கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்.

உங்க பிசிக்ஸ் சார் கதிரியக்க சிதைவுல டிஎன் பை டிடி = மைனஸ் லாம்டா என் (dN/dt = −λN)னு எழுதிட்டு, டிஎன் பை என் = மைனஸ் லாம்டா டிடின்னு பிரிச்சு ரெண்டு பக்கமும் இன்டக்ரேட் பண்ணுவார். அது தப்பில்ல, ஏன்னா அதுக்கு பின்னாடி செயின் ரூல் இருக்கு, முறையா எழுதினாலும் அதே விடைதான் வரும், அவர் குறுக்கு வழியில போறார். ஒரே மாறியை பொறுத்த முதல் வகைக்கெழு வரைக்கும் இந்த குறுக்கு வழி உன்னை கவுக்காது. ரெண்டாம் வகைக்கெழுவை தலைகீழா திருப்பினா கவுத்துடும், பார்ஷியல் (மத்த மாறிகளை அசையாம வெச்சு ஒண்ணை மட்டும் மாத்தி எடுக்கிற வகைக்கெழு) வந்துட்டா மொத்தமா கவுத்துடும்.

இதுல நானே கவுந்திருக்கேன். எம்.எஸ்சி வைவாவுல வெளியில இருந்து வந்த எக்ஸாமினர், வயசானவர், சாந்தமா கேட்டார். ஐடியல் கேஸ் (வாயு), பிவி = ஆர்டி (பி அழுத்தம், வி கன அளவு, டி வெப்பநிலை, ஆர் ஒரு மாறிலி). பியை வியால பார்ஷியல் எடு, வியை டியால எடு, டியை பியால எடு, மூணையும் பெருக்கினா என்ன வரும்மா? நான் யோசிக்கவே இல்ல, எல்லாம் வெட்டிக்கும் சார், ஒண்ணுன்னு சொல்லிட்டேன். அவர் பேப்பரை தள்ளி போட்டு பாருங்கன்னார். முதலாவது மைனஸ் ஆர்டி பை வி ஸ்கொயர், ரெண்டாவது ஆர் பை பி, மூணாவது வி பை ஆர். பெருக்கினா மைனஸ் ஆர்டி பை பிவி, அதாவது மைனஸ் ஒண்ணு! எனக்கு காது வரைக்கும் சூடாயிடுச்சு.

கணக்கே போடாம கூட இதை பார்க்கலாம். வெப்பநிலையை மாத்தாம கன அளவை கூட்டினா அழுத்தம் குறையும், அது மைனஸ். அழுத்தத்தை மாத்தாம சூடாக்கினா கன அளவு கூடும், பிளஸ். கன அளவை மாத்தாம வெச்சு அழுத்தம் கூடணும்னா சூடு கூடணும், பிளஸ். மைனஸ், பிளஸ், பிளஸ், எப்படி பெருக்கினாலும் பிளஸ் ஒண்ணு வராது. வெட்டினது எங்க தப்புன்னா, முதல் பின்னத்துல கீழ இருக்கிற வி மாற்றம் வெப்பநிலையை கட்டி போட்டு வந்தது, அடுத்ததுல மேல இருக்கிற வி மாற்றம் அழுத்தத்தை கட்டி போட்டு வந்தது. ஒரே கிளாஸ்ல ரெண்டு முருகன் இருந்தா ஒருத்தன் கட்டின ஃபீஸை இன்னொருத்தன் கணக்குல கழிக்க முடியுமா? அதனாலதான் தெர்மோடைனமிக்ஸ் புக்ல பிராக்கெட் போட்டு கீழ ஒரு குட்டி எழுத்து எழுதறாங்க. அழகுக்குன்னு நினைச்சு நோட்ல அதை விட்டுட்டு எழுதற பசங்களை நான் நிறைய பார்த்திருக்கேன், நீயும் விட்டிருக்கே, உன் லெட்டர் மூணாம் பக்கத்துல.

கற்பனை எண், அதாவது மைனஸ் எண்ணோட ஸ்கொயர் ரூட். இதுலயும் பேர்தான் வில்லன். 1637-ல டெகார்ட் வெச்ச பேர், கொஞ்சம் இளக்காரமாவே வெச்சார். ஆனா அதுக்கு முன்னாடியே 1572-ல இத்தாலியில பாம்பெல்லி இதை வெச்சு ஒரு நிஜமான காரியம் பண்ணியிருந்தார். எக்ஸ் கியூப் = 15 எக்ஸ் + 4. எக்ஸ் 4ன்னு போட்டு பாரு, 64 = 60 + 4, சரியா வருது. ஆனா இந்த மாதிரி கியூபிக் சமன்பாட்டுக்கு விடை தர்ற கார்டானோவோட ஃபார்முலாவுல போட்டா நடுவுல √−121 வந்து நிக்குது. பாம்பெல்லி பயப்படாம அதோட கூட்டல் பெருக்கல் பண்ணினார், √−1-க்கு ஐ-ன்னு பேர் வெச்சா, 2 + ஐ-யை கியூப் பண்ணினா 2 + 11ஐ வருது, அப்போ ஃபார்முலாவுல இருக்கிற ரெண்டு கியூப் ரூட்டும் 2 + ஐ, 2 − ஐ. கூட்டினா 4. நிஜ எண்ல கிளம்பி நிஜ எண்ல இறங்கினாலும் நடுவுல அந்த ஊர் வழியாதான் போகணும்.

அது என்னதுன்னு கேட்டா நான் சுத்துன்னு சொல்வேன். ஒரு எண்ணை −1 ஆல பெருக்கினா எண் கோட்டுல அப்படியே திரும்பி நிக்குது, அரை சுத்து. ரெண்டு தடவை பண்ணினா அரை சுத்து வர்றதுக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு சுத்தணும்? கால் சுத்து. அதுதான் ஐ. ஐ ஸ்கொயர் −1 ஆறது அதனாலதான். மாம்பழத்தை எண்ண −3 உதவாது, கடனை எழுத உதவும். கடனை எழுத ஐ உதவாது, சுத்தறதையும் அலையறதையும் எழுத அதை விட்டா நல்ல வழி கிடையாது. எந்த எண்ணா இருந்தாலும் எதை எண்ணறதுக்குன்னு கேக்கணும்.

கண்ணால பாக்கணும்னா வீட்டு ஃபேனை பாரு. காத்தே வரல, மெதுவா சுத்துதுன்னா எலக்ட்ரிஷியன் வந்து "கண்டென்சர் போயிடுச்சு"ன்னு 2.5 மைக்ரோஃபாரட்ல ஒண்ணு மாத்துவார். கண்டென்சர்னா கெப்பாசிட்டர்தான், அதுல கரன்ட் வோல்ட்டேஜை விட கால் சுத்து முந்தி போகும், 50 ஹெர்ட்ஸ்ல அது 5 மில்லி செகண்ட். கணக்குல அதை எழுதறது ஐயால பெருக்கறதுதான் (எலக்ட்ரிக்கல்காரங்க ஐ எழுத்தை கரன்ட்டுக்கு வெச்சுக்கிட்டதால ஜேன்னு எழுதுவாங்க). அந்த கண்டென்சரால ஃபேனோட ரெண்டு சுருள்லயும் கரன்ட் ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட கால் சுத்து தள்ளி ஓடுது, அதுலதான் சுத்தற காந்தப்புலம் வருது, மோட்டார் கிளம்புது. கற்பனைன்னு பேர் வெச்சதை எலக்ட்ரிஷியன் சட்டை பாக்கெட்ல போட்டுக்கிட்டு வர்றார்.

குவாண்டம்ல நிலைமை இன்னும் கொஞ்சம் ஆழம். ஏசி சர்க்யூட்ல ஐ ஒரு வசதி, சைன் காஸ் வெச்சும் கஷ்டப்பட்டு போட்டுடலாம். குவாண்டத்தோட அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுல அது சமன்பாட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. அது ஷ்ரோடிங்கருக்கே பிடிக்கல, 1926-ல லோரன்ட்ஸ்ங்கிற விஞ்ஞானிக்கு எழுதின லெட்டர்ல இந்த சிக்கல் எண் (நிஜ எண்ணும் ஐயும் கலந்த எண்) வர்றது உறுத்துதுன்னு புலம்பியிருக்கார். உனக்கும் உறுத்துதுன்னா நல்ல கம்பெனியிலதான் இருக்கே. அளந்து பார்க்கிறப்போ ஒண்ணு கிடைக்கிற வாய்ப்பு, அந்த சமன்பாட்டோட விடையான வேவ் ஃபங்ஷனோட அளவை ஸ்கொயர் பண்ணினது, அது எப்பவும் நிஜ எண். ஆனா ரெண்டு வழியா வர்ற அலை சேரும்போது ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு சுத்து தள்ளி இருக்குங்கிறதுதான் எங்க வெளிச்சம், எங்க இருட்டுன்னு முடிவு பண்ணும். ஐ சுமக்கிற தகவல் அந்த சுத்துதான்.

டார்க்கும் எனர்ஜியும் சட்டுனு. ரெண்டும் நியூட்டன் மீட்டர்தான், ஆனா எனர்ஜியில மீட்டர் விசையோட திசையில நகர்ந்த தூரம், டார்க்குல மீட்டர் ஸ்பேனரோட நீளம், விசைக்கு குறுக்கால. வெக்டர் பெருக்கல்ல ஒண்ணு டாட், இன்னொண்ணு கிராஸ். துருப்பிடிச்ச நட்டுல தொங்கினா டார்க் இருக்கும், நட்டு அசையற வரைக்கும் நட்டு மேல வேலை பூஜ்யம். டார்க்கை ரேடியன்ல சுத்தின கோணத்தால பெருக்கினாதான் ஜூல் ஆகும், ரேடியனுக்கு யூனிட் எழுதறதில்ல, அதனால ஒண்ணு மாதிரி தெரியுது. யூனிட் சரியா இல்லைன்னா விடை தப்புன்னு உறுதியா சொல்லலாம், யூனிட் ஒத்துப்போச்சுன்னு ரெண்டும் ஒரே பொருள்னு சொல்ல முடியாது.

சிரிக்கிறவங்களை பத்தி. அவங்கள்ல எத்தனை பேருக்கு அந்த மைனஸ் ஒண்ணு தெரியும்னு கேட்டு பாரேன், சண்டைக்கு இல்ல, சும்மா. தமிழ் மீடியத்துல இருந்து வந்ததால உனக்கு ஒரு சௌகரியம் இருக்கு, வேலைன்னு சொன்னா உனக்கு அப்பாவோட மூட்டை ஞாபகம் வருது, வொர்க்னு படிச்சவனுக்கு ஃபார்முலா மட்டும்தான் ஞாபகம் வரும். கஷ்டமும் இருக்கு, அதை இல்லைன்னு சொல்லல. ஒரு நோட்டு போடு, இடது பக்கம் இங்கிலீஷ் வாக்கியத்தை அப்படியே எழுது, வலது பக்கம் வீட்ல பேசற தமிழ்ல எழுது, எழுதும்போது எதைப் பொறுத்துங்கிற வால் இல்லாம அந்த தமிழ் வாக்கியம் உனக்கே அரைகுறையா கேக்கும், அங்க சிவப்பு பேனாவுல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு சார்கிட்ட போ. புரியலை சார்னு மொட்டையா கேக்காதே, "எதை மாத்தாம வெச்சு சார்?"னு கேளு, எந்த வாத்தியாரும் அதுக்கு சிரிக்க மாட்டார். ஜாம் (ஐஐடி மாதிரி இடங்கள்ல எம்.எஸ்சி சேர நுழைவுத் தேர்வு) எழுதணும்னு சொல்லியிருக்கே, அதுல மல்டிப்பிள் செலக்ட் கேள்விகள் இருக்கு, ஒண்ணுக்கு மேல சரியான விடை இருக்கலாம், எல்லாத்தையும் குறிச்சாதான் மார்க், பாதி புரிஞ்சிருந்தா அங்க பிடிபட்டுடுவே.

வீட்டுப்பாடம் ஒண்ணு. அந்த மூணு பார்ஷியலையும் நிஜ வாயுக்களுக்கான வான் டெர் வால்ஸ் சமன்பாட்டுக்கு போட்டு பாரு. வியை தனியா பிரிக்க பார்க்காதே, கியூபிக்ல மாட்டிக்குவே, சமன்பாட்டை அப்படியே வெச்சு பியை மாறிலியா எடுத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் டியால வகைப்படுத்து. ஒன்றரை பக்கம் வரும். அங்கயும் மைனஸ் ஒண்ணு வரலைன்னா போட்ட பேப்பரை அப்படியே அனுப்பு, எந்த வரியில எந்த முருகன் மாறிட்டான்னு பார்க்கலாம்.